மூழ்கிய வயலில் யார் நிற்பது

தண்ணீரில் கிடந்து செத்த நெற்பயிருக்கு ஒரு வாசனை உண்டு. புளித்த மாவும் பச்சைத் தழையும் ஒன்றாகக் கலந்து வெயிலில் வெந்தது போல, கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் குமட்டலாக இருக்கும். வெள்ளம் ஏறும்போது அது வராது. வடியும்போதுதான் வரும். போன மழைக்காலத்தில் சிதம்பரத்திலிருந்து குமராட்சிப் பக்கம் போகும் மினிபஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வேளாண்மைத் துறை வேலையை விட்டுவிட்டவனுக்குப் பஸ் ஏறக் காரணம் வேண்டியதில்லை. வண்டி ஒரு வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியபோது அந்த வாசனை உள்ளே நுழைந்தது. ஒருவர் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனாவைத் தேடியிருக்கிறது, பாவம்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். வேளாண்மைத் துறையில் இப்போதுதான் சேர்ந்து, விரிவாக்க மையங்களில் விதை மூட்டைகளுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக. எந்தத் திட்டத்துக்கு எந்தப் படிவம், எந்தப் பொத்தானைத் தொட்டால் எது திறக்கும் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நீங்கள் என்னைவிட வேகமாகவும் செய்வீர்கள். நான் சொல்ல வருவது அதைப் பற்றி இல்லை. அரசாங்கத்தின் பணம் ஓர் ஊருக்குள் வந்து, இது யாருக்கு என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சில நிமிடங்கள் வரும். அந்த நிமிடங்களைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். காட்டுமன்னார்கோயில் பக்கம் வேலை பார்த்தபோது நடந்தது.

வீராணம் ஏரிக்கு அருகே ஓர் ஊரிலிருந்து வயதான பாய் ஒருவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றிய பாஸ்புக். மகன்கள் எல்லாரும் வளைகுடாவில் இருந்தார்கள். நிலம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு நேரடியாகக் கணக்கில் விழும் உதவித்தொகை இருக்கிறதே, அது அவர் கணக்கிலும் விழுந்துகொண்டிருந்தது.

“தம்பி, இத நீங்க திருப்பி எடுத்துக்கணும்” என்றார்.

“ஏன் பாய்? நிலம் உங்க பேர்லதானே இருக்கு?”

“நெலம் எம்பேர்லதான் இருக்கு. நான் வயல்ல எறங்கி எத்தினியோ வருஷம் ஆச்சு. பயலுவோ வெளிநாட்டுல சம்பாதிக்கிறானுவோ. இது எனக்கு ஹலால் இல்ல.”

“சட்டப்படி உங்களுக்கு உரியதுதான்.”

“சட்டம் குடுக்கலாம் தம்பி. நான் மேல போய் பதில் சொல்லணும்ல.”

அலுவலகமே அவருக்காகத் தேடியது. வாங்குவதற்கு எத்தனையோ வழி இருந்தது. திருப்பிக் கொடுக்க அப்போது எங்களுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. பொய் சொல்லி வாங்க வந்த எவரும் எங்களை அவ்வளவு திணறடித்ததில்லை. கடைசியில் நான் சொன்னேன், “உங்க நிலத்த உழுறவருக்கே குடுத்துடுங்களேன் பாய்.”

“அத நான் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் பெரியவர். “ஆனா அவன் என்ன சொல்றான்? பாய் குடுத்தாரு, பாய் நல்லாருக்கணும்ங்கிறான். கவர்மென்டு குடுத்துச்சுன்னுல்ல அவன் சொல்லணும்?”

பாஸ்புக்கை மறுபடியும் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரே பணம்தான். ஒரு கை வழியாகப் போனால் தயவு, இன்னொரு கை வழியாகப் போனால் உரிமை. இந்த வேறுபாட்டை எனக்குச் சுற்றறிக்கை எதுவும் சொன்னதில்லை. இருந்தாலும் அன்றைக்கு அதை ஒரு நல்ல மனிதரின் குணம் என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். அதன் முழு எடை எனக்குப் புரிந்தது பிறகு, குமராட்சிப் பக்கம் மாற்றலாகி வந்து, கொள்ளிடக் கரையில் ஒரு மூழ்கிய வயலில் நின்றபோது.

அது கார்த்திகை மாதம். மேலே அணை நிரம்பி ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். இங்கே மழையும் விடவில்லை. வடிகாலெல்லாம் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் போக இடம் தெரியாமல் சம்பாவின் மேல் படுத்துக்கொண்டது. வடிந்தபோது பயிர் சீவி வாராத தலை மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து, பழுப்பேறிக் கிடந்தது. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க நானும் ஊர் வி.ஏ.ஓ.வும் சேர்ந்து போனோம். வி.ஏ.ஓ. என்னைவிட இளையவர், சுறுசுறுப்பானவர், எந்த இக்கட்டையும் சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று நினைக்கும் நல்ல மனிதர்.

விதி ஒன்றுதான். சேதமான வயலில் சாகுபடி செய்தவரை நிற்க வைத்து, இடத்தோடு பதிவாகும் ஒரு போட்டோ எடுக்க வேண்டும். அவர்தான் பயிர் செய்தார் என்று நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பணம் அந்தப் போட்டோவில் நிற்பவர் கணக்குக்குப் போகும். எளிமையான விதி. நட்டவர் ஒருவரும் நிலம் இன்னொருவருக்குமாக இருக்கும் ஊரில் அது எளிமையாக இருக்காது.

ஒன்றரைக் காணி வயல் ஒன்றின் அருகே போனபோது கரைமேல் ஒரு கார் நின்றிருந்தது. நிலத்துக்காரர் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரும் அவரை மேனேஜர் ஐயா என்றுதான் சொல்வார்கள். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, வயலுக்குள் சேற்றில் இறங்கித் தயாராக நின்றிருந்தார். வெளுத்த கால்கள், தலையில் ஒரு வெயில் தொப்பி. வரப்பில் ஆட்கள் கூடியிருந்தார்கள்.

“சார், பட்டா ஐயா பேருல இருக்கு. அவுரே வந்துட்டாரு. ஒரு போட்டோ எடுத்தா இந்த வயல் முடிஞ்சுது” என்றார் வி.ஏ.ஓ.

வரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வயலைக் குத்தகைக்குச் செய்யும் ராஜவேலு. “ஐயா, கொஞ்சம் துக்கமா நில்லுங்க. பயிரு போனவரு மாதிரியே தெரியலியே.”

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்துவிட்டார். நான் போனைத் தூக்கினேன், இறக்கினேன்.

“இது யார் நட்டது?” என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்தபடி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு பெண் மட்டும் என்னைப் பார்த்தாள், இவன் ஏன் இதையெல்லாம் கேட்கிறான் என்பது போல. அவள்தான் வளர்மதி. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தான். இந்த வயலைக் குத்தகைக்கு எடுத்து நட்டதும் களை எடுத்ததும் உரம் தெளித்ததும் அவள்.

நான் அவள் அருகில் போனேன். மெதுவாகத்தான் பேசினாள். “சார், அவுரே நிக்கட்டும் சார். போட்டோவ எடுங்க.”

“நட்டது நீங்கதானே?”

“நட்டா? அதுக்கின்னா இப்ப? எம்பேரு ஏறிச்சுன்னா தை மாசம் நெலம் போயிடும்.”

புதியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் குத்தகை பெரும்பாலும் வாய்வார்த்தைதான். காகிதம் கிடையாது. உழுகிறவர் பெயர் எந்த அரசாங்கப் பதிவில் ஏறினாலும் நிலத்துக்காரருக்குப் பயம் வந்துவிடும். நாளைக்கு இதைக் காட்டி, நிலத்தை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அதனால் பெயர் ஏறாமல் இருப்பதுதான் குத்தகையின் எழுதாத நிபந்தனை. ஏறினால் அடுத்த போகம் வேறு ஆள். வெள்ள நிவாரணம், விதை மானியம், பயிர்க் காப்பீடு எதுவானாலும், உழுகிறவர் கையை நீட்டினால் காலடி மண் போய்விடும்.

“நான் பேசி வச்சிருக்கேன்” என்றாள் வளர்மதி. “பணத்த அவுரு பேர்ல வாங்கிக்கட்டும். ரெண்டு வருஷம் நெலத்துல கை வைக்க மாட்டேன்னு ராஜவேலு எதுர்ல சொல்லியிருக்காரு. பணம் போனா போவுது. தை பொறந்தா உளுந்து தெளிக்கணும், உளுந்து முழுசா எனக்கு, அதுல குத்தகை கெடையாது. அத வச்சுத் தேறிக்குவேன். நீங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

நல்ல பேரம். தன் கையில் இருந்த ஒரே பொருளை, வராத பணத்தை, அவள் சரியான விலைக்கு விற்றிருந்தாள். குறுக்கே நின்றது என் கையெழுத்து ஒன்றுதான். அவர் சாகுபடி செய்தார் என்று நான் எழுத வேண்டும். அது பொய்.

“அப்படி எழுத முடியாதும்மா” என்றேன்.

அவள் சாக்கைத் தலையிலிருந்து எடுத்தாள். “நீங்க நல்லவரா இருக்கறதுக்கு நான் நெலத்த உடணுமா சார்?”

இந்தக் கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பதில் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். நேர்மை என்பது பெரும்பாலும் அடுத்தவர் செலவில் நடக்கிறது என்று எனக்கு அந்த வரப்பில்தான் தெரிந்தது. உண்மையை எழுதினால் அவளுக்குக் கெடுதல். பொய்யை எழுதினால் அவளுக்கு நன்மை. ஆனால் அந்த ஊரில் மூழ்கிய ஒவ்வொரு வயலிலும் அதே பொய்யை நான் எழுத வேண்டிவரும். உழுகிறவர் என்று ஒருவரும் இல்லாத ஊராக அது பதிவாகும்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. உதவி இயக்குநர். “இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் ஏத்தியாகணும். எங்க நிக்கிறீங்க?” வயலில்தான் நிற்கிறேன் என்றேன். மேற்கே மேகம் கறுத்தது. வி.ஏ.ஓ. என் காதருகே வந்து, “சார், சிக்னல் இருக்கும்போதே எடுத்துடலாம் சார், அந்தப் பொண்ணே சரின்னுதானே சொல்லுது” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் சிக்கல்.

அவசரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், போனைப் பையில் போட்டதுதான். ஒரு கூட்டத்தின் முன்னால் எந்த மனிதனும் தன் பேச்சிலிருந்து இறங்கி வரமாட்டான். பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் இறங்குவான். வி.ஏ.ஓ.விடம் கூட்டத்தை அடுத்த வயலுக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். ராஜவேலு மட்டும் நகரவில்லை. “நான் சாட்சி சார்” என்றான். சரி, இரு என்றேன். மேனேஜரை வயலிலிருந்து மேலே வரச் சொல்லி, வளர்மதியையும் கூப்பிட்டுக்கொண்டு வாய்க்கால் மதகின் மேல் போய் உட்கார்ந்தோம். ஈரச் சிமெண்டு. மேனேஜர் கைக்குட்டையை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார். வளர்மதி உட்காரவில்லை.

“சார், நட்டவங்க பேரைத்தான் எழுத முடியும்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வங்கியில் இருந்தவர், காகிதத்தின் குணம் தெரிந்தவர். “ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. இப்ப நீங்க போடற கையெழுத்து, நாளைக்குக் கோர்ட்டுல நிக்குமா நிக்காதா?”

வளர்மதி என்னைப் பார்த்தாள். ராஜவேலு பார்த்தான். ‘நிக்காது சார், இது சும்மா வெள்ளத்துக்கு எழுதறது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நிம்மதியாகச் சிதம்பரம் போவார், அவள் பணமும் வாங்குவாள், நிலமும் இருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இந்த மாதிரி இரக்கமுள்ள பொய்கள் உங்களுக்கும் நிறைய வரும், அழகாக உடுத்திக்கொண்டு வரும்.

“தெரியாது சார்” என்றேன்.

“தெரியாதுன்னா?”

“இது குத்தகைப் பதிவு இல்ல. அது வேற ஆபீஸ், வேற பதிவு. ஆனா நாளைக்கு ஒரு வக்கீல் இத எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டினா ஜட்ஜ் என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாது.”

வளர்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்துபோன வியாபாரத்தில் வந்து கெடுத்தவனைப் பார்க்கப் பிடிக்காத முகம். ஆனால் நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? நான் உறுதி சொல்லி, அது பிறகு தப்பாகப் போயிருந்தால், அவர் கோபம் என்மேல் விழாது. நான் மாற்றலாகி எங்கோ போயிருப்பேன். அவள்தான் அங்கே இருப்பாள்.

மேனேஜர் பேண்ட்டில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார். “எங்க அண்ணன் நெலத்துல இப்படித்தான் ஒருத்தன் பேரு ஏறிச்சு. கேஸ் நடந்துது, நடந்துது, நடந்துகிட்டே இருந்துது. அண்ணன் தன் வயல்ல கால் வைக்காமலே செத்தாரு. அதுலேருந்து எனக்கு இந்தப் பயம். வளர்மதி மேல எனக்கு ஒண்ணும் கெடையாது. அது பொண்ணுக்கு உடம்பு முடியாதப்ப ஆஸ்பத்திரிக்கு நான்தான் கார் அனுப்பினேன். கேளுங்க.”

“ஆமா சார், அனுப்பினாரு” என்றாள் அவள்.

“அதனால ஒண்ணு பண்ணுங்க” என்றார் மேனேஜர். “என் பேரும் வேணாம், அது பேரும் வேணாம். இந்த வயல உட்டுட்டு அடுத்த வயலுக்குப் போங்க.”

எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! யாரும் பொய் சொல்ல வேண்டாம், யாரும் பயப்பட வேண்டாம். அவருக்கு ஓய்வூதியம் வரும். அவளுக்கு ஒரு போகம் காணாமல் போகும். இருவரும் சமமாக விட்டுக்கொடுப்பது போலத் தெரியும் தீர்வுகளைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள்; ஒருவர் மிச்சத்தைத்தான் விட்டிருப்பார், இன்னொருவர் சோற்றையே விட்டிருப்பார்.

“சார், வயலை விட்டுட்டுப் போற அதிகாரம் எனக்கு இல்ல” என்றேன். “சேதம் இருக்கு, நட்டவங்க இருக்காங்க. வேணாம்னு சொல்ற உரிமை அவுங்களுக்குத்தான் இருக்கு, உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல.” பிறகு வளர்மதியிடம் திரும்பினேன். “நீங்க நிக்கறேன்னு சொன்னா எடுக்கறேன். வேணாம்னு சொன்னா போறேன். ரெண்டும் உங்க முடிவு. அவர நிக்க வச்சு மட்டும் எடுக்க மாட்டேன்.”

“கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு அவள் பத்தடி தள்ளிப் போனாள். திருப்பூருக்குப் போன் போட்டாள். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே அவள் கணவன் கத்துவது எங்களுக்கே கேட்டது. நிக்காத, நிக்காத, ஐயாவப் பகைச்சிக்காத. அவள் பாதியில் வைத்துவிட்டாள்.

“இன்னா சொல்றாரு அண்ணன்?” என்றான் ராஜவேலு, கேட்காதவன் போல.

“இன்னா சொல்லுவாரு? அங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்துகிட்டு நிக்காதங்கிறாரு. அவுரா வந்து நட்டாரு?”

பிறகு மேனேஜர் முன்னால் வந்து நின்றாள். கையைக் கட்டவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

“ஐயா, நெலம் உங்களுது. அத நான் எங்கியும் இல்லன்னு சொல்ல மாட்டேன், ராஜவேலு இருக்கான் சாட்சிக்கு. ஆனா செத்துக் கெடக்கறது எம் பயிரு. அதுவும் உங்களுதுன்னு எழுதினா, நான் இந்த வருஷம் பூரா என்னா பண்ணிக்கிட்டு இருந்தேன்?”

 அவள் இறங்கி வயலின் நடுவுக்குப் போனாள். சேறு கெண்டைக்கால்வரை விழுங்கியது. நான் போனைத் தூக்கினேன்.

“அண்ணி, சிரிச்சிடாத! சிரிச்சா பணத்துல புடிச்சிக்குவாங்க” என்றான் ராஜவேலு.

“போடா கொரங்கு” என்று அவள் திரும்பும்போது போட்டோ விழுந்துவிட்டது. வாய் பாதி திறந்து, ஒரு கை அவனை நோக்கி ஓங்கி, பின்னால் சாய்ந்த பயிர். இன்னொன்று எடுக்கலாம் என்று நினைப்பதற்குள் முதல் துளி விழுந்தது. அதையே ஏற்றினேன். அரசாங்கத்தின் பதிவில் அவள் அப்படித்தான் இருக்கிறாள், யாரையோ திட்டிக்கொண்டு.

மேனேஜர் காலைக் கழுவிக்கொண்டு காரில் ஏறினார். “தை மாசம் பாத்துக்கலாம்” என்றார். மிரட்டல் இல்லை அது. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதரின் அறிவிப்பு.

நிவாரணம் அவள் கணக்கில் விழுந்தது. மேனேஜரும் சொன்னபடி வேறு ஆள் தேடினார். முதலில் ராஜவேலுவைத்தான் கேட்டார். இங்கேதான் எனக்குத் தெரியாத ஒன்று குறுக்கே வந்தது. வளர்மதியும் ராஜவேலுவும் குடியிருக்கும் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உழுதுகொண்டிருக்கும் நிலத்தை, அவர் தன் வாயால் ‘நான் உட்டுட்டேன்’ என்று சொல்லாதவரை, இன்னொருவர் போய்க் கேட்க மாட்டார். கொடுத்தாலும் வாங்க மாட்டார். எந்தச் சட்டத்திலும் இல்லாதது. ராஜவேலு, “அண்ணி உட்டுட்டேன்னு சொல்லட்டும்யா, அப்பறம் பேசலாம்” என்றானாம். இதைப் பாசம் என்று பெரிதாக எண்ண வேண்டாம். நான் கேட்டபோது அவன் சொன்னது இதுதான்: “இன்னிக்கு நான் வாங்கினா, நாளைக்கு என்னுத வேற ஒருத்தன் வாங்குவான் சார்.” ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரும் வயலைப் பார்த்துவிட்டு நேராக வளர்மதி வீட்டுக்குப் போய், “அக்கா, நீ உட்டுட்டியா?” என்று கேட்டிருக்கிறார். “உடல” என்றிருக்கிறாள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்த மதகின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடை போட்டதாக நினைத்தேன். இந்த வழக்கத்தை நான் எடை போடவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஆனால் அது அவளுக்காக நிற்குமா என்று அவளுக்கும் தெரியாது. அதனால் இதை என் வெற்றி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மேனேஜர் கணக்குத் தெரிந்தவர். ஆள் கிடைக்கவில்லையா, ஆளே தேவைப்படாத பயிர் இருக்கிறது. வயலின் மேட்டுப் பக்கம் மணல் கலந்த மண். அதில் சவுக்கு வைக்க முடிவு செய்தார். சவுக்குக்கு நாற்று விட ஆள் வேண்டாம், களை எடுக்க ஆள் வேண்டாம். வைத்துவிட்டுச் சிதம்பரத்தில் இருந்தபடியே வளர விடலாம். மர வளர்ப்புக்கு மானியத்தில் கன்று கொடுக்கும் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. ஒரு காலை நேரம் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

காகிதங்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. நிலம் அவருடையது, கன்றும் அவரே வைக்கப் போகிறார். ஒரு பிசகும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது குறை கண்டுபிடிப்பேனா என்று. தேடினால் கண்டுபிடிக்கலாம். ஒரு மாதம் இழுத்தடிக்கலாம். எனக்குப் பிடிக்காதவருக்குத் தாமதமும் பிடித்தவருக்கு வேகமும் கொடுக்க ஆரம்பித்தால், நானும் ஒரு குட்டி நிலத்துக்காரன் ஆகிவிடுவேன். கையெழுத்துப் போட்டேன்.

“இதுக்கும் யார் நட்டதுன்னு வந்து கேப்பீங்களா?” என்றார் மேனேஜர், எழுந்துகொண்டே.

“கேப்பேன் சார். விதி அதுதான்.”

“கேளுங்க, கேளுங்க. இந்தத் தடவ நான்தான் நிப்பேன்” என்று சிரித்தார். மனம்விட்டுத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். மனிதர்களை வெறுப்பது எனக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்த வேலை சுலபமாக இருந்திருக்கும்.

மேட்டில் சவுக்கு ஏறியது. தண்ணீர் தேங்கும் பாதி மட்டும் வளர்மதியிடம் இருந்தது, சவுக்கு அங்கே அழுகிவிடும் என்பதால். ஒரு பெண் தன் பெயரை எழுதச் சொன்னதற்கு விலை பாதி வயல். அந்த வருடத்திலிருந்து அந்தத் தெருவில் இன்னும் சிலர் தங்கள் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். சிலர் பார்த்துப் பயந்து, முன்பைவிட வாயை இறுக்கிக்கொண்டார்கள். இரண்டும் நடந்தது. கூட்டிக் கழித்து ஒரு விடை சொல்லுங்கள் என்று கேட்டால், நான் உங்களை அந்த வயலுக்கு அழைத்துப் போவேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ‘பயனாளி’ என்று ஒரு சொல் உங்கள் திரையில் வந்து நிற்கும். அந்தச் சொல்லுக்கு நேராக ஒரு பெயரைத் தட்டும் முன், அந்தப் பெயர் அங்கே ஏறினால் அந்த மனிதருக்கு அடுத்த தை மாதம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். யோசித்துவிட்டு அவருக்காக நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள், அது இன்னொரு மோசம். எழுந்து போய் அவரிடம் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள். பிறகு அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே போட்டோ எடுங்கள்.

விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியாக அந்த ஊருக்கு ஒரு முறை போனேன். அலுவலக வேலை என்று சொல்லிக்கொண்டேன். பங்குனி வெயில். வளர்மதி அவளுடைய பாதி வயலில் உளுந்துச் செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். மேட்டில் சவுக்கு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, காற்றில் ஊசி ஊசியாக ஓசை எழுப்பிக்கொண்டிருந்தது.

“வேலைய உட்டுட்டீங்களாமே சார்? ராஜவேலு சொன்னான்.”

“ஆமாம்மா.”

“ஏன், யாரு கூடவாவது சண்டையா?”

“இல்ல. எனக்கே போதும்னு தோணிச்சு.”

“நல்லாருக்கே! எங்களுக்குப் போதும்னு தோணினா எந்த ஆபீஸ்ல சார் எழுதிக் குடுக்கறது?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஒரு கைப்பிடி உளுந்தங்காயை உதிர்த்து என் கையில் போட்டாள். பொண்ணு பிளஸ் டூ முடிக்கப் போகிறாள் என்றாள். மேனேஜர் ஐயா பொங்கலுக்கு வழக்கம்போலப் புடவை அனுப்பினார் என்றாள். தண்ணீர் மறுபடி வருமா என்று நான் கேட்டேன். வராமல் எங்கே போகும் என்றாள்.

புறப்படும்போது நான் சொன்னேன். “என் இடத்துக்குப் புதுசா ஒருத்தர் வருவாங்க. சேதம் ஆச்சுன்னா போய்க் கேளுங்க. உங்க பேர எழுதுவாங்க.”

அவள் அடுத்த செடியைப் பிடித்தாள், வேரோடு இழுத்தாள், மண்ணை உதறினாள்.

“நான் போயி கேக்க மாட்டேன் சார். யாரு நட்டதுன்னு அவுங்க வந்து கேக்கட்டும்.”